கொர்கொர் சத்தமெல்லாம் சளி இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

என் பேரன் பிறந்த ஒரு மாதத்திலேயே மூச்சை இழுக்கும்போதும் கொர்கொர், விடும்போதும் கொர்கொர் என்று சத்தம் கேட்கும். நாலு வாய் பால் உறிஞ்சுவான், நிறுத்துவான், கழுத்துக்குழி உள்ளே போய்விடும். ஓமத் தண்ணீர் கொடு, தைலம் தேய் என்று சொன்னது நான்தான். போன கிளினிக்கிலும் முதலில் சளி என்றார்கள், அப்புறம் ஆஸ்துமாவாக இருக்கலாம் என்று நெபுலைசர் வைத்தார்கள். ஐந்தாம் மாதம் ஒரு ராத்திரி உதடு நீலம் பூத்துவிட, ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழைத்து ஓடினோம்.

மயக்க மருந்து கொடுத்து மூச்சுக்குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்த்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. நமக்கெல்லாம் அந்தக் குழாயின் குருத்தெலும்பு வளையங்கள் பின்பக்கம் திறந்து லாடம் மாதிரி இருக்கும். அவனுக்கு முழு வட்டமாக மூடி, குழாயே குறுகிப் பிறந்திருக்கிறது. மிக அபூர்வம். புற்றும் இல்லை, தொற்றும் இல்லை, ஆனால் எந்த மருந்துக்கும் அது விரியாது. விட்டம் பாதியானாலே காற்றுக்குத் தடை 16 மடங்கு ஏறிவிடும், பிஞ்சுக் குழந்தை எப்படித் தாங்கும்?

அறுவை சிகிச்சையை டாக்டர் படம் வரைந்து சொன்னார், எனக்குப் புரியவில்லை. வீட்டுக்கு வந்து வெங்காயத்தாள் ஒன்றை எடுத்துக் குறுக்கே நறுக்கி, மேல்துண்டைப் பின்பக்கமும் கீழ்துண்டை முன்பக்கமும் நெடுக்காகக் கீறி, ஒன்றின்மேல் ஒன்றை நகர்த்திப் பார்த்தேன். குறுகின பகுதியின் நீளம் பாதியாகிறது, சுற்றளவு இரட்டிப்பாகிறது, காற்று போகும் வாய் 4 மடங்கு பெரிதாகிறது. முன்பெல்லாம் விலாக் குருத்தெலும்பை வெட்டி ஒட்டுப்போடுவார்களாம். இப்படிக் கீறி நகர்த்தித் தைக்கும் முறையை 1989இல் லண்டன் மருத்துவர்கள் வெளியிட்டார்கள். இதில் குழந்தையின் சொந்தக் குழாயே போதும். அறுவை நடந்த அத்தனை நேரமும் இருதய நுரையீரல் இயந்திரம்தான் அவன் உயிரைப் பிடித்துவைத்திருந்தது. இப்போது இரண்டு வயது, தாழ்வாரத்தில் ஓடுகிறான்.

பெற்றோர்களே, தாத்தா பாட்டிகளே, இழுக்கும்போதும் விடும்போதும் சத்தம் கேட்டு, மருந்துக்கும் அடங்கவில்லை என்றால் கைபேசியில் வீடியோ எடுத்துக் காட்டுங்கள். கிளினிக்கில் அந்த ஐந்து நிமிடம் பிள்ளை அமைதியாகப் படுத்திருக்கும். எங்களுக்கு அப்படித்தான் ஆனது. குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்க வேண்டுமா என்று வாய்விட்டுக் கேளுங்கள். உங்கள் நாளிதழும் இதைப் பற்றித் தமிழில் படத்தோடு ஒரு பக்கம் போட வேண்டும், பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்வது எங்களைப் போன்றவர்கள்தான்.

ஒரு பாட்டி, ஈசூன், சிங்கப்பூர்