செண்பகாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள செண்பகா,

ஏழு மாதம் ஆச்சு. திட்டி முடித்துவிட்டு மேலே படி. அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. பாபு அதே பாபுதான், இப்போது மாடியில் புறா வளர்க்கிறான்.

தபாலில் எம்.ஏ. கலை வரலாறு சேர்ந்தேன் இல்லையா, இந்தப் பருவம் ரஷ்ய அவாங்-கார்ட், அதாவது பழைய பாணியை உடைத்துப் புதுசாக முயன்ற கலைஞர்கள். ஓவியர் மாலேவிச் 1915இல் பெட்ரோகிராடு கண்காட்சியில் தன் கறுப்புச் சதுரத்தை அறை மூலையில் உயரே மாட்டினார். ரஷ்யர்கள் வீட்டில் சாமி படம் இருக்கிற மூலை அது. இதற்கு எங்கள் பாடத்தில் பதினோரு பக்கம். அதே கண்காட்சியில் படம் வைத்த லியுபோவ் போப்போவாவுக்கு ஒன்றரை வரி: பின்னாளில் ஓவியத்தை விட்டுவிட்டுத் துணி வடிவமைப்புக்குப் போனாராம். அந்த ‘விட்டுவிட்டு’ இரண்டு வாரமாக என்னை அரித்துக்கொண்டிருக்கிறது.

ஜவுளி வியாபாரி மகள் அவள். 1912இல் பாரிஸ் போய் கியூபிசம், அதாவது உருவங்களைத் துண்டு துண்டான தளங்களாக உடைத்து வரைகிற பாணி, படித்தவள். சாய்ந்த தளங்கள் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி வரைவாள், நிறத்தையே செங்கல்லாக அடுக்கிய மாதிரி இருக்கும். 1921 செப்டம்பரில் மாஸ்கோவில் ‘5x5=25’ கண்காட்சி, அவளும் சேர்ந்து ஐந்து பேர், ஆளுக்கு ஐந்து படம். அவர்களில் ஒருவரான ரோட்சென்கோ சிவப்பு, மஞ்சள், நீலம் என்று ஒற்றை நிறப் பலகை மூன்று வைத்தார். அந்த வருஷ முடிவில் இவர்கள் கூட்டமே சட்டத்துக்குள் மாட்டுகிற ஓவியம் போதும், அன்றாடம் பயன்படுகிற பொருள் செய்யப் போவோம் என்று முடிவெடுத்தது. பல பேருக்கு அது பேச்சோடு நின்றது. ஆலைக்குள்ளேயே போய் உட்கார்ந்தவர்கள் போப்போவாவும், அந்த ஐவரில் இன்னொருத்தியான ஸ்தெபானோவாவும். மாஸ்கோவின் முதல் அரசு பருத்தி அச்சு ஆலை, 1923.

இனிமேல்தான் உன் ஏரியா, துணி டிசைன். ஆலையில் காலங்காலமாகப் பூ டிசைன்தான். இவர்கள் ஸ்கேலும் காம்பஸும் வைத்து வட்டமும் பட்டையும் போட்டார்கள். டிசைன் வரைந்து கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக மாட்டோம், உற்பத்தி முடிவில் எங்களுக்கும் ஓட்டு வேண்டும், சாயக் கூடத்துக்குள் விட வேண்டும், தையல்காரரோடு பேச வேண்டும் என்று நிர்வாகத்துக்கு எழுதியும் கொடுத்தார்கள். டிசைன் வாங்க வருகிறவன் கலர் கார்டைக்கூடப் பார்ப்பதில்லை என்று நீ புலம்புவாயே, அதேதான்டி!

1924 மே மாதம் போப்போவாவின் குழந்தை ஸ்கார்லெட் காய்ச்சலில் இறந்துபோனது. சில நாளிலேயே அவளும். முப்பத்தைந்து வயது. அந்தப் பக்கத்தைப் படித்த அன்று சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு. கல்லூரி முடித்து நீ கடையில் உட்கார்ந்த வருஷம், பஸ் ஸ்டாண்டில் வைத்து உன்னிடம், “நீ ஓவியத்தை விட்டுட்டே”ன்னு சொன்னேன். நீ ஒன்றும் பேசாமல் பஸ் ஏறினாய். அதே வார்த்தையைப் பாடத்தில் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. போப்போவா எதையும் விடவில்லை செண்பகா. சுவரில் நின்றதைத் தெருவில் நடக்கவிட்டாள். ஒரு டிசைனில் பட்டைகள் வட்டத்துக்குள் நுழைந்ததும் நிறம் மாறுகின்றன. கான்வாஸில் அவள் செய்த வேலையேதான், இரண்டு மூன்று நிறத்தில், கெஜக் கணக்கில். நீயும் கட்டம் போட்ட சேலைக்கு பார்டர் கலர் தேடி மூன்று நாள் அலைந்தவள். அன்றைக்கு நான் சொன்னது தப்பு. மன்னித்துவிடு.

அந்த டிசைனைக் கலர் ஜெராக்ஸ் எடுத்து உள்ளே வைத்திருக்கிறேன். இதை அச்சடிக்க எத்தனை ஸ்கிரீன் பிடிக்கும்? டிசைன் துணியில் திரும்பத் திரும்ப வரும்போது வட்டம் ஜாயின்ட்டில் வெட்டுப்படாமல் ரிப்பீட் எப்படிப் போடுவது? அப்புறம், உன் கடைக்கு வருகிறவர்கள் இதை வாங்குவார்களா? யோசித்து எழுது. போனில் சொல்லாதே, எனக்குக் கடிதமாக வேண்டும்.

உன்,
மல்லிகா