பழைய தண்டவாளத்தின் வழியே வா

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய வரைபடத்தை நானும் அம்மாவும் சாப்பாட்டு மேசையில் விரித்துவைத்து இரண்டு இரவுகளாகப் பார்த்தோம். மூன்று நாள் லீவு எடுத்துக்கொண்டு பீக் டிஸ்ட்ரிக்ட் மலைநாட்டைச் சைக்கிளில் சுற்றிப் பார்க்க நீ எண்ணியிருப்பது எங்கள் இருவருக்கும் பெரிய சந்தோசம். ஆனால் ஆஷ்போனிலிருந்து பக்ஸ்டன் பக்கமாக நீ சிவப்புக் கோடு போட்டிருக்கும் ஏ515 பெருந்தெருவில் உன்னைப் போகவிட எனக்கு மனம் வரவில்லை. பதினைந்து வருடங்களுக்கு முன்னர், அந்தத் தெருவில்தான் கல் ஏற்றிக்கொண்டு வந்த லொறி ஒன்று, என்னைத் தொடாமலே, தான் கிளப்பிய காற்றினால் மட்டும் என்னைக் கல்மதிலோடு சாய்த்துவிட்டுப் போனது. காறையெலும்பு முறிந்து நான் ஆறு கிழமை கையைத் தூக்கிக் கட்டிக்கொண்டு திரிந்ததை நீ மறந்திருக்க மாட்டாய்.

அந்தப் பெருந்தெருவிலிருந்து அதிக தூரமில்லாமல், அதே திசையில், மோட்டார் வாகனம் எதுவும் ஓடாத பாதை ஒன்று இருக்கிறது. டிசிங்டன் டிரெயில் என்று அதற்குப் பெயர். 1899 இல் ஆஷ்போனையும் பக்ஸ்டனையும் இணைத்துப் போட்ட புகையிரதப் பாதை அது. 1960களில் முற்றாக மூடப்பட்டுத் தண்டவாளம் கழற்றப்பட்ட பின்னர், 1971 இல் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் குதிரைக்குமாகத் திறந்துவிட்டார்கள். ஆஷ்போனிலிருந்து பார்ஸ்லி ஹே வரை 21 கிலோமீற்றர். இங்கிலாந்தின் மேடுபள்ளமான நாட்டுப்புறத்தில் சைக்கிள் ஓட்ட ஆசைப்படுபவர்களுக்குப் பழைய புகையிரதப் பாதையைவிட நல்ல பாதை கிடையாது என்பது என் தீர்மானமான எண்ணம். இரும்புச் சில்லு இரும்புத் தண்டவாளத்தில் ஓடும்போது பிடிமானம் மிகக் குறைவு என்பதால், கொஞ்சம் சரிவு கூடினாலும் நீராவி எஞ்சின் வழுக்கும். ஆகவே அந்தக் காலத்துப் பொறியியலாளர்கள் மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, முடியாத இடத்தில் குடைந்து, பாதையை ஏறக்குறைய மட்டமாகவே கொண்டுபோனார்கள். எஞ்சினுக்காக அவர்கள் பட்ட பாடு இன்றைக்கு உன் முழங்காலுக்கு உதவுகிறது. ஏற்றமென்றால் பாலங்களின் முதுகு மட்டும்தான் என்றிருந்த யாழ்ப்பாணத்தில் சைக்கிள் பழகிய எனக்கு, டார்பிக்கு வந்த புதிதில் இந்த மலைத் தெருக்கள் மூச்சை அடைத்தன. இந்தப் பாதையைக் கண்டுபிடித்த பிறகுதான் இந்த நாட்டை நான் சைக்கிளில் பார்க்கத் தொடங்கினேன்.

ஆஷ்போனிலிருந்து புறப்பட்டால் பார்ஸ்லி ஹே வரை மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போவாய். அவசரப்படாதே. வழியில் டிசிங்டன் கிராமம் வரும். இயேசு விண்ணேறிய திருநாளையொட்டி, பெரும்பாலும் மே மாதத்தில், அங்குள்ள கிணறுகளையும் ஊற்றுகளையும் பூக்களால் அலங்கரிப்பார்கள். பெரிய மரப்பலகையில் ஈரக் களிமண்ணைப் பூசி, அதில் இதழ் இதழாகப் பதித்து ஒரு படத்தையே ஆக்குவார்கள். கீழிருந்து தொடங்கி, ஓடு வேய்வதைப்போல ஒவ்வொரு இதழும் முந்தியதன்மேல் சற்றுப் படியும்படி வைப்பார்கள். மழை பெய்தால் தண்ணீர் வழிந்தோட வேண்டுமல்லவா? உன் நாட்கள் பொருந்தினால் அரை மணித்தியாலம் ஒதுக்கி அதைப் பார்த்துவிட்டுப் போ.

பார்ஸ்லி ஹேயில் இந்தப் பாதை ஹை பீக் டிரெயிலோடு சேர்கிறது. அதுவும் பழைய புகையிரதப் பாதைதானே என்று நம்பி அதன் தென்கிழக்கு முனையான குரோம்ஃபோர்ட்டிலிருந்து பயணத்தைத் தொடங்கிவிடாதே. 1831 இல் முழுமையாகத் திறக்கப்பட்ட மிகப் பழைய பாதை அது. சமதளங்களில் குதிரைகள் பெட்டிகளை இழுத்தன, செங்குத்தான சரிவுகளில் மேலே நிலையாக நின்ற நீராவி எஞ்சின்கள் அவற்றைத் தூக்கின. மிடில்டன், ஷீப் பாஸ்ச்சர் சரிவுகளில் நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் ஏறினேன்.

பார்ஸ்லி ஹேயிலிருந்து பேக்வெல் போவதற்கு மாத்திரம் தெருவில் இறங்க வேண்டும். ஏ515 ஐ நேர் குறுக்கே கடந்து, மொனியாஷ் கிராமத்தின் வழியாகப் போகும் சிறிய தெருவைப் பிடி. அந்தப் பெருந்தெருவைக் கடக்கும்போது சைக்கிளில் இருந்தபடி கடக்காமல் இறங்கி நின்று இரு பக்கமும் பார். பேக்வெல்லை நெருங்கும்போது இறக்கம் கடுமையாக இருக்கும். இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடி.

பேக்வெல்லில் இரவு தங்கி, மறுநாள் காலையில் மான்சால் டிரெயிலுக்குப் போ. 13.7 கிலோமீற்றர்தான், ஆனால் ஒரு முழு நாளை அதற்குக் கொடுக்கலாம். 1968 இல் மூடப்பட்ட இந்தப் பழைய புகையிரதப் பாதையின் சுரங்கங்கள் நெடுங்காலம் அடைபட்டுக் கிடந்து, 2011 மே மாதத்தில்தான் மறுபடி திறக்கப்பட்டன. முதலில் வருவது 487 மீற்றர் நீளமான ஹெட்ஸ்டோன் சுரங்கம். கோடை வெயிலிலிருந்து உள்ளே நுழைந்தால் சட்டென்று உடம்பு குளிர்ந்துவிடும். கூரையிலிருந்து சொட்டும் நீர் கழுத்தில் விழும். உன் சில்லின் ஓசையே முன்னாலிருந்து யாரோ வருவதுபோலக் கேட்கும். கறுப்புக் கண்ணாடியை வாசலிலேயே கழற்றிவிடு. உள்ளே விளக்குகள் பகலில் மட்டுமே எரியும் என்பதால் உன்னுடைய விளக்கும் கையில் இருக்கட்டும். சுரங்கம் முடிந்து வெளிச்சத்துக்கு வந்த கையோடு நீ ஒரு பாலத்தின்மேல் நிற்பாய், கீழே வை ஆறு வளைந்து ஓடும். 1860களில் அந்தப் பாலத்தைக் கட்டியபோது, அரை மணி நேரத்தில் ஊர் விட்டு ஊர் போகும் வசதிக்காக ஓர் அழகான பள்ளத்தாக்கையே அழித்துவிட்டார்கள் என்று ஆங்கில எழுத்தாளர் ஜான் ரஸ்கின் மனம் கொதித்து எழுதினார். இன்று அதே பாலம் சட்டத்தால் பாதுகாக்கப்படும் கட்டடம். இதைக் கட்டிய மிட்லண்ட் புகையிரதக் கம்பனிதான், நீ லண்டனில் வண்டியேறப் போகும் செயின்ட் பாங்கிராஸ் நிலையத்தையும் 1868 இல் திறந்தது. இரண்டும் ஒரே பாதையின் இரண்டு இடங்களாக இருந்தவை.

அந்தப் பெயரோடு சேர்ந்த இன்னொரு விடயத்தையும் நீ அறிய வேண்டும். கிரெஸ்புரூக், லிட்டன் சுரங்கங்களைக் கடந்தால் பள்ளத்தில் லிட்டன் பஞ்சாலைக் கட்டடம் தெரியும். செயின்ட் பாங்கிராஸ் பகுதியின் ஏழைகள் விடுதியில் வளர்ந்த ராபர்ட் பிளின்கோ என்ற அநாதைச் சிறுவன், 1799 இல், ஏழு வயதளவில், வேறு பிள்ளைகளோடு வண்டியில் ஏற்றப்பட்டு நொட்டிங்ஹாம் பக்கத்து ஆலை ஒன்றுக்கு அனுப்பப்பட்டான்; பின்னர் இந்த லிட்டன் ஆலைக்கு மாற்றப்பட்டான். அடியும் பட்டினியுமாக அவன் அங்கே பட்டவை பிற்பாடு அச்சில் வந்து, ஆலைகளில் பிள்ளைகள் படும் துன்பத்தை நாட்டுக்குச் சொல்லின. நான் அந்த இடத்தில் எப்போதும் சைக்கிளை மதிலில் சாய்த்துவிட்டுச் சற்று நேரம் நிற்பேன். நீயும் நில்.

மில்லர்ஸ் டேலில் பழைய நிலையத்தில் தேநீர் கிடைக்கும். அதற்கப்பால் பாதை சிறிது தூரத்தில் முடிந்துவிடும். வந்த வழியே பேக்வெல்லுக்குத் திரும்பு. அதே பாதை எதிர்த் திசையில் வேறொரு பாதையாகவே தெரியும்.

வாகனமில்லாத பாதை என்பதற்காக அது உனக்கு மட்டுமான பாதையாகிவிடாது. குதிரைப் பாதைகளில் சைக்கிள் ஓட்டும் உரிமையை 1968 ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்தபோதே, நடப்பவர்களுக்கும் குதிரைக்காரருக்கும் வழிவிட வேண்டும் என்றும் சொல்லிவிட்டது. நீல அம்புக்குறி போட்ட குதிரைப் பாதையில் நீ ஓட்டலாம்; மஞ்சள் அம்புக்குறி போட்ட நடைபாதையில் அந்த உரிமை இல்லை. குதிரையைப் பின்னாலிருந்து நெருங்கும்போது மணியை அடித்து வெருட்டாமல் "காலை வணக்கம்" என்று குரல் கொடு. மனிதக் குரலைக் கேட்டால் குதிரை அமைதியாக இருக்கும்.

உன்னுடைய மெல்லிய ரயர் இந்தப் பாதைகளுக்குச் சரிவராது. பாதையெல்லாம் சுண்ணாம்புக்கல் தூள். மழை பெய்தால் அது வெள்ளைக் குழம்பாகிச் சங்கிலியில் ஏறி, காய்ந்ததும் சீமெந்துபோல இறுகிவிடும். அன்றன்று மாலையே பழைய துணியால் துடைத்து எண்ணெய் விடு. 38 மில்லிமீற்றர் அகல ரயர் ஒரு சோடி வாங்கி வைத்திருக்கிறேன். நீ வந்ததும் மாற்றித் தருகிறேன்.

புகையிரதத்தில் சைக்கிளுக்கு இடம் குறைவு. உனக்குப் பதியும்போதே அதற்கும் பதிந்துகொள். ஆஷ்போனுக்கு இப்போது புகையிரதம் கிடையாது என்பதால், டார்பி நிலையத்துக்குக் காரில் வந்து உன்னைக் கூட்டிக்கொண்டுபோய்ப் பாதையின் வாசலில் விடுகிறேன். முதல் நாள் பார்ஸ்லி ஹே வரை நானும் கூட வரலாமா என்று கேட்கத்தான் நினைத்தேன். என் சைக்கிளை எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். உன்னுடைய வேகத்துக்கு நான் தடையாக இருப்பேன் என்றால் தயங்காமல் எழுது, ஆஷ்போனிலேயே நின்றுகொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா