வெந்நீர் ஊற்றில் குளத்து வழக்கம் செல்லாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வெந்நீர் ஊற்றுகளைப் பற்றி வந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் மூன்று முறை முங்கி எழுந்து, தீர்த்தத்தைக் கை நிறைய அள்ளிக் குடித்து, அலுப்புத் தீரும் வரை நீரில் கிடக்கலாம் என்று அதில் எழுதியிருப்பதை அப்படியே விட்டுவிட முடியவில்லை. ஆற்றிலும் குளத்திலும் நாம் செய்வதைத்தான் அது சொல்கிறது. வெந்நீர் ஊற்றில் அந்த மூன்றுமே வம்பு.

தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பேர் சொல்லும்படியான வெந்நீர் ஊற்று இல்லாததால் நமக்கு இதில் பழக்கமில்லை. பாலக்காட்டுப் பக்கத்துக்காரர்களுக்குக் கிட்டத்தில் இருப்பது, காசர்கோடு எல்லையைத் தாண்டித் தென்கன்னட மாவட்டத்துப் புத்தூர் தாலுகாவில் உள்ள பெந்த்ரு தீர்த்தம். ஆந்திர எல்லைத் தமிழர்கள் பத்ராசலம் போகும்போது குண்டாலா என்ற ஊரைக் கேள்விப்பட்டிருப்பார்கள். அங்கே கோதாவரிக் கரை மணலைத் தோண்டினால் குழியில் வெந்நீர் சுரக்கும். மற்றதெல்லாம் யாத்திரை பஸ்ஸில் போய்ப் பார்க்கிற வடநாட்டு ஊற்றுகள்: பத்ரிநாத்தின் தப்த குண்டம் (குண்டம் என்றால் ஊற்று நீர் தேங்கும் தொட்டி), யமுனோத்ரியின் சூர்ய குண்டம், மணிகரண், ராஜ்கிர், மகாராஷ்டிரத்து வஜ்ரேஸ்வரி.

எல்லாவற்றையும் ஒரே பேரில் அழைப்பதால் எல்லாம் ஒன்றுபோல என்று நினைத்துக்கொள்கிறோம். பெந்த்ரு நீர் நம் உடம்புச் சூட்டை ஒட்டியது. ராஜ்கிர் பிரம்ம குண்டம் ஏறத்தாழ 45 டிகிரி செல்சியஸ். சூர்ய குண்டமோ 90 டிகிரியை நெருங்கும்; அரிசியையும் உருளைக்கிழங்கையும் துணியில் முடிந்து அதில் தொங்கவிட்டு, வெந்ததும் பிரசாதமாக எடுத்துவருவார்கள். 60 டிகிரி நீர் ஐந்து விநாடி பட்டால் போதும், தோல் ஆழமாக வெந்துவிடும். 49 டிகிரியிலேயே சில நிமிடங்களில் அது நடக்கும். ஆகவே எந்த ஊற்றானாலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி சூடு எத்தனை டிகிரி என்பது. கட்டுரையில் ஓர் இடத்தில்கூட அது இல்லை.

சூடு நிலையானதும் அல்ல. மழைநீர் பாறைப் பிளவு வழியாகக் கீழே இறங்குகிறது. ஆழம் ஒரு கிலோமீட்டர் கூடினால் சூடு 25 முதல் 30 டிகிரி கூடும். அந்த நீர் வேறொரு பிளவைப் பிடித்து வேகமாக மேலே வந்தால் வெந்நீர் ஊற்று. எரிமலை பக்கத்தில் இருக்க வேண்டியதே இல்லை. ஏறும் வழியில் மேல்மட்டத்துப் பச்சைத்தண்ணீர் எவ்வளவு கலக்கிறதோ அந்த அளவுக்குச் சூடு குறையும். மழைக்காலத்தில் இதமாக இருந்த குண்டம் மாசி, பங்குனியில் சுடலாம். பக்கத்தில் ஆழ்துளைக் கிணறுகள் பெருகினால் அழுத்தம் குறைந்து ஊற்றே அடங்கிவிடவும் கூடும். இதை நம் கிழக்குப் பாலக்காட்டு விவசாயிகளுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆற்றோரத்து ஊற்றுகள் வெள்ளக்காலத்தில் மூழ்கிக் கிடக்கும் என்பதால், கிளம்புவதற்கு முன் அந்த ஊரில் யாரிடமாவது நீர் இருக்கிறதா என்று கேட்டுவிடுவது நல்லது.

சூடு பார்க்க வீட்டுக் காய்ச்சல் தெர்மாமீட்டரை எடுத்துப்போகாதீர்கள். அதன் அளவு 42 டிகிரியோடு முடிகிறது. அதற்கு மேல் பாதரசம் விரிய இடமில்லாமல் கண்ணாடி உடையும், பாதரசம் குண்டத்தில் கலக்கும். 110 டிகிரி வரை காட்டும் லேப் தெர்மாமீட்டரோ, சமையலுக்கு விற்கிற கம்பி வைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டரோ வேண்டும். ஒரு குச்சியில் கட்டி, இறங்கும் படியருகே, குண்டத்தின் நடுவில், ஊற்றுக்கண்ணுக்கு ஒரு முழம் தள்ளி என மூன்று இடத்தில், ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள். படியருகே 39 காட்டுகிற குண்டம் ஊற்றுக்கண் பக்கம் 50 காட்டலாம். குழாய் வழியாக வெந்நீர் விழுகிற குண்டமானால் குழாய் எந்தச் சுவரில் இருக்கிறது என்று முதலில் பார்த்து, எதிர்ச்சுவர் ஓரமாக உட்காருங்கள். தெர்மாமீட்டர் இல்லையென்றால் முழங்கை இருக்கிறது. பிள்ளையைக் குளிப்பாட்டும் பாட்டிமார் முழங்கையை வைத்துத்தான் சூடு பார்ப்பார்கள். உள்ளங்கைத் தோல் தடித்தது, அதை நம்ப முடியாது.

என் கணக்கு இது: 40 டிகிரி வரை பதினைந்து நிமிடம். 40 முதல் 42 வரை ஐந்து நிமிடம், பிறகு கரையேறி ஆறிக்கொண்டு வேண்டுமானால் இன்னொரு ஐந்து. அதற்கு மேலே போனால் இறங்கவே வேண்டாம். வாளியில் மொண்டு, பச்சைத்தண்ணீர் விட்டு விளாவிக் குளித்தால் போதும். புண்ணியம் குறைந்துவிடாது.

இனி முங்குவது பற்றி. கேரளத்தில் இருப்பவர்களுக்கு அமீபா மூளைக்காய்ச்சல் என்ற சொல் புதிதல்ல. 2016இல் ஆலப்புழையில் முதலில் பதிவாகி, 2024 முதல் பல மாவட்டங்களில் அடிக்கடி செய்தியாகிவிட்டது. இதற்குக் காரணமானவற்றில் ஒன்று நெக்லேரியா ஃபௌலரி என்ற, கண்ணுக்குத் தெரியாத அமீபா. உப்பில்லாத வெதுவெதுப்பான நீரில் வளரும்; 46 டிகிரி வரை அதற்குக் கொண்டாட்டம். கொதிக்கிற ஊற்றுக்கண்ணில் அது பிழைக்காது. அந்த நீர் ஆறித் தேங்குகிற குளிக்கும் குண்டம்தான் அதன் இடம். நமக்கு எந்தச் சூடு சுகமோ அதே சூடுதான் அதற்கும் சுகம். அந்த நீரைக் குடிப்பதால் இந்த நோய் வராது. மூக்கில் ஏறினால் மட்டுமே, வாசனை நரம்பு வழியாக மூளைக்குப் போகிறது. அபூர்வமான நோய்தான், ஆனால் வந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் பிழைப்பதில்லை.

அதனால் முங்கக் கூடாது, குதிக்கக் கூடாது, ஒருவர் முகத்தில் ஒருவர் நீர் வாரி அடிக்கக் கூடாது. அமீபா அடிச்சேற்றில் அதிகம் இருக்கும். சேற்றைக் கலக்குவதும், மருந்து மண் என்று முகத்தில் அப்பிக்கொள்வதும் வேண்டாம். சைனஸ் போகும் என்று அந்த நீரை மூக்கில் உறிஞ்சுவதைப் போல ஆபத்து வேறில்லை. தலைக்கு ஊற்றியே ஆக வேண்டும் என்பவர்கள் இடுப்பளவு நீரில் உட்கார்ந்து, முகவாயை நிமிர்த்தி, ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, சொம்பு நீரை உச்சந்தலையிலிருந்து பின்னால் வழியும்படி ஊற்றிக்கொள்ளட்டும். நீச்சல்காரர்கள் மாட்டுகிற மூக்குக் கிளிப்பும் கடையில் கிடைக்கிறது. ஊர் திரும்பி இரண்டு வாரத்துக்குள் கடுமையான தலைவலி, காய்ச்சல், வாந்தி, கழுத்து விறைப்பு வந்தால், குண்டத்தில் குளித்ததையும் மூக்கில் நீர் ஏறியதையும் டாக்டரிடம் முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். அவராக ஊகிக்க வழியில்லை.

குண்டத்து நீர் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதும் முக்கியம். ஒரு பூவிதழை ஊற்றுக்கண் பக்கம் போட்டுப் பாருங்கள். மடை வழியாக வெளியே போகாமல் ஓர் ஓரத்தில் சுற்றிக்கொண்டே கிடந்தால் நீரும் அப்படித்தான் கிடக்கிறது. கணக்காகவே பார்க்கலாம். பத்தடி நீளம், பத்தடி அகலம், மூன்றடி நீர் என்றால் சுமார் 8,500 லிட்டர். மடையில் 10 லிட்டர் வாளியைப் பிடித்து ஐந்து விநாடியில் நிரம்பினால் விநாடிக்கு 2 லிட்டர். ஒரு குண்டத்து அளவு நீர் வெளியேறவே 70 நிமிடம் ஆகும். அதிலும் பழைய நீர் முழுதாகப் போயிருக்காது. அந்த 70 நிமிடத்தில் இரண்டு பஸ் கூட்டம் இறங்கி ஏறினால் என்ன நீர் மிஞ்சும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். விடியற்காலை முதல் ஆளாகப் போங்கள்.

குடிப்பது வேண்டாம் என்பதற்குக் காரணம் கிருமி மட்டுமல்ல. சூடான நீர் பாறையிலிருந்து அதிகம் கரைத்துக்கொண்டு வருகிறது. கருங்கல் நாட்டு ஊற்றுகளில் ஃப்ளோரைடு மிகுதி. குடிநீரில் அது லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கொழிஞ்சாம்பாறை, முதலமடைப் பக்கம் கிணற்று நீரால் பல் பழுப்பேறியவர்களைப் பார்த்திருப்பவர்களுக்கு இது புரியும். காய்ச்சினால் ஃப்ளோரைடு போகாது. நீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. கேனில் பிடித்து வந்து தெருவுக்கே பங்கு வைப்பதைத்தான் நிறுத்த வேண்டும்.

பல ஊற்றுகளில் அழுகிய முட்டை நாற்றம் வரும். அது ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு. திறந்த வெளியில் பயமில்லை. நாலு பக்கமும் சுவர் எழுப்பி, மேலே கூரையும் போட்ட குளியலறையில் எச்சரிக்கை வேண்டும். காற்றை விடக் கனமான அந்த வாயு தாழ்வான இடத்தில் தேங்கும். அளவு மிகுந்தால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாமல் போகும். அதனால் நாற்றம் நின்றுவிட்டதே என்று நிம்மதி அடையாதீர்கள். கண் எரிந்தாலோ தலை வலித்தாலோ உடனே வெளியே வாருங்கள். இதே வாயு வெள்ளியைக் கறுப்பாக்கும். கொலுசு, மெட்டி, அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றிக் காற்றுப்புகாத டப்பாவில் போட்டுவிட்டு இறங்குங்கள். மறந்து இறங்கிக் கொலுசு கறுத்துவிட்டால் பதற வேண்டாம். ஈரத்துணியில் திருநீறு தொட்டுத் தேய்த்தால் வெளுத்துவிடும்.

எண்ணெய் தேய்த்துக்கொண்டு போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பாறையின் தாது உப்புகள் மிகுந்த நீரில் சோப்பு நுரைக்காது, எண்ணெய் போகாது. போகாத எண்ணெய் படியில் ஒட்டும். வெந்நீர் வழிகிற படியில் ஏற்கெனவே பாசி இருக்கும். அடுத்து வருகிறவர் வழுக்கி விழுவது படியிலா, கொதிக்கிற பக்கத்திலா என்பது அவரவர் விதி. பிடிமானமுள்ள ரப்பர் செருப்போடு இறங்குங்கள்.

இறங்கும்போது அவசரம் கூடாது. படியில் உட்கார்ந்து முதலில் பாதம், ஒரு நிமிடம் கழித்து முழங்கால், பிறகு இடுப்பு. நெஞ்சுக்கு மேல் நீர் வேண்டாம். ஏறும்போது இன்னும் நிதானம் வேண்டும். சூட்டில் தோலின் ரத்தக்குழாய்கள் விரிந்துவிடும். விருட்டென்று எழுந்தால் ரத்தம் காலுக்கு இறங்கிக் கண் இருட்டும். மேல்படியில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து, கம்பியைப் பிடித்து எழுங்கள். 3,100 மீட்டர் உயரத்துப் பத்ரிநாத்தில் வெளியே குளிர் குத்தும், மூச்சும் வாங்கும்; துண்டும் ஸ்வெட்டரும் பஸ்ஸில் இருக்கக் கூடாது, கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். முன்னதாக இரண்டு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். வெறும் வயிறும் வேண்டாம், வயிறு முட்டவும் வேண்டாம்.

கர்ப்பிணிகள், இதய நோயாளிகள், ஆறாத புண் உள்ளவர்கள், கைக்குழந்தைகள் கரையில் இருக்கட்டும். சாராயம் குடித்தவரை இறக்கவே கூடாது. ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர் தனியாக இறங்கக் கூடாது. சர்க்கரைக்காரர்கள் விஷயம் தனி. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருப்பவருக்குச் சுடுவதே தெரியாது. காலை எடுக்கும்போது கொப்புளம் வந்திருக்கும். இன்சுலின் போட்டுக்கொண்டு வெந்நீரில் இறங்கினால் மருந்து வேகமாக ரத்தத்தில் ஏறிச் சர்க்கரை சடாரென்று இறங்கலாம். அப்போது கொடுக்க, கரையில் இருப்பவர் கையில் குளுக்கோஸ் இருக்கட்டும்.

யாராவது மயங்கினால் முதலில் முகம் நீருக்கு மேலே இருக்கும்படி பிடியுங்கள்; இரண்டு பேராகத் தூக்கி நிழலில் மல்லாத்தி, காலை உயர்த்தி வையுங்கள். நினைவு வரும் வரை வாயில் எதையும் ஊற்றாதீர்கள். வெந்துவிட்டால் ஓடுகிற பச்சைத்தண்ணீரில் இருபது நிமிடம் காட்ட வேண்டும். பற்பசை, இங்க், மாவு, ஐஸ் எதுவும் வேண்டாம். ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஊற்றுப் படம் போடும்போது அதன் கீழே நான்கு விவரம் அச்சிடுங்கள்: குளிக்கும் குண்டத்தின் சூடு, எந்த மாதங்களில் நீர் இருக்கும், விளாவப் பச்சைத்தண்ணீர்க் குழாய் உண்டா, பக்கத்து ஆஸ்பத்திரி எத்தனை கிலோமீட்டர். விடியற்காலைச் சூரிய ஒளியில் ஆவி எழும் அழகைப் பற்றி இரண்டு வரி குறைந்தால் இடம் கிடைத்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.