செத்த பூச்சியை மட்டும் எண்ணினால் போதாது

பூச்சிக்கொல்லிகளுக்கும் களைக்கொல்லிகளுக்கும் ஒப்புதல் வழங்கும் நிபுணர் குழுவினருக்கு,

வணக்கம்.

உங்கள் மேசைக்கு வரும் கோப்புகளில் தேனீ பற்றிய பகுதி ஒன்று இருக்கும். மருந்தை உடலில் தடவியும், சர்க்கரைப் பாகில் கலந்து ஊட்டியும், 48 மணி நேரத்தில் எத்தனை தேனீக்கள் செத்தன என்று எண்ணியிருப்பார்கள். 10 நாள் தொடர்ந்து ஊட்டிப் பார்க்கும் சோதனையும் இப்போது உண்டு. இரண்டிலும் முதன்மையான கேள்வி ஒன்றுதான்: தேனீ பிழைத்ததா? அதன் குடலில் வாழும் பாக்டீரியாக்கள் பிழைத்தனவா என்ற கேள்வி அந்த முறைகளில் இல்லை. அதையும் சேருங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

குடல் பாக்டீரியா ஒரு சின்ன விஷயம் என்று தோன்றலாம். அசுவினிப் பூச்சியைப் பாருங்கள். அது குடிக்கும் செடிச்சாற்றில் சர்க்கரை ஏராளம், ஆனால் உடல் வளரத் தேவையான அமினோ அமிலங்கள் பல மிகக் குறைவு. அந்தக் குறையைத் தீர்ப்பது புக்னீரா என்ற பாக்டீரியா. அசுவினியின் உடலுக்குள் தனக்கென்றே அமைந்த செல்களில் அது வாழ்கிறது, தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகிறது. 15 கோடி ஆண்டுகளுக்கும் மேலான உறவு இது. புக்னீராவை மட்டும் அழித்துவிட்டால் அசுவினி உடனே சாகாது. வளர்ச்சி குன்றும், குட்டி போடுவது ஏறக்குறைய நின்றுபோகும். 48 மணி நேரக் கணக்கில் அது உயிருள்ள பூச்சிதான்.

பயறுச் செடிகளில் சாறு உறிஞ்சும் மெகாகாப்டா என்ற பூச்சி முட்டையிடும் விதம் இன்னும் வியப்பானது. முட்டைகளை வரிசையாக வைக்கும்போதே அவற்றின் அடியில் பழுப்பு நிறத்தில் சின்னச் சின்ன உருண்டைகளையும் தாய் வைத்துவிடுகிறது. உள்ளே இருப்பது பாக்டீரியா. பொரித்து வரும் குஞ்சுகள் முதல் வேலையாக அந்த உருண்டையில் வாயை வைத்து உறிஞ்சும், பிறகு ஒன்றாகக் கூடி அசையாமல் இருக்கும். உருண்டைகளை எடுத்துவிட்டால் அடங்காமல் அங்குமிங்கும் அலையும். ஜப்பானிய ஆய்வாளர்கள் இதன் இரண்டு இனங்களுக்கிடையே பாக்டீரியாவை மாற்றி வைத்துப் பார்த்தார்கள். சோயாவில் நன்றாகப் பெருகும் இனத்தில் முட்டை பொரிப்பது சரிந்தது. மற்ற இனத்தில் கூடியது. எது பயிருக்குப் பகை, எது இல்லை என்பதைக்கூட இந்தப் பாக்டீரியா தீர்மானிக்க முடியும் என்றால், அதை விட்டுவிட்டுப் பூச்சியை மட்டும் மதிப்பிடுவது எப்படிச் சரியாகும்?

அடுத்து கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லி. செடிகளில் சில அமினோ அமிலங்களை உருவாக்கும் ஒரு நொதியை இது முடக்குகிறது. விலங்குகளுக்கு அந்த நொதியே கிடையாது, அதனால் தேனீயை இது பாதிக்காது என்பதே வழக்கமான வாதம். தேனீயின் சொந்தச் செல்களில் அந்த நொதி இல்லை என்பது சரி. ஆனால் அதன் குடலில் வாழும் ஸ்னோட்கிராசெல்லா ஆல்வி என்ற பாக்டீரியாவுக்கு அந்த நொதி உண்டு. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் நான்சி மோரன் குழு 2018இல் வெளியிட்ட ஆய்வில், கிளைஃபோசேட் கலந்த பாகைக் குடித்த தேனீக்களின் குடலில் இந்தப் பாக்டீரியா கணிசமாகக் குறைந்தது. இளம் தேனீக்களுக்கு அதை ஊட்டிவிட்டு, அப்புறம் செராட்டியா என்ற நோய்க்கிருமியையும் கொடுத்தபோது, கிருமியை மட்டும் சந்தித்தவற்றைவிட அதிகமானவை செத்தன.

உங்கள் சோதனையில் இது ஏன் தெரியாது என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. தேனீ பிறக்கும்போது குடல் ஏறக்குறைய வெறுமையாக இருக்கும். முதல் சில நாட்களில், கூட்டில் மூத்த தேனீக்களோடு பழகித்தான் பாக்டீரியாக்களைப் பெறுகிறது. 10 நாள் சோதனையிலோ பெரும்பாலும் அடையைத் தனியே வெப்பப் பெட்டியில் வைத்து, வெளிவந்த இளம் தேனீக்களை நேரே கூண்டில் அடைக்கிறார்கள். இழக்க வேண்டிய பாக்டீரியாவே முழுதாகச் சேராத தேனீயிடம் இழப்பை எப்படி அளப்பது?

தீமை எதிர்த்திசையிலும் வரும். ரிப்டார்டஸ் என்ற நாவாய்ப்பூச்சி தனக்கு உதவும் குடல் பாக்டீரியாவைத் தாயிடமிருந்து பெறுவதில்லை, ஒவ்வொரு தலைமுறையும் மண்ணிலிருந்து புதிதாக எடுத்துக்கொள்கிறது. ஃபெனிட்ரோதியான் என்ற பூச்சிக்கொல்லி தெளித்த மண்ணில் அந்த மருந்தையே உணவாக்கும் புர்கோல்டீரியா என்ற பாக்டீரியா வகைகள் பெருகின. அவற்றைக் குடலில் சேர்த்துக்கொண்ட பூச்சி மருந்தைத் தாங்கிப் பிழைத்தது. ஜப்பானிய ஆய்வாளர் யோஷிடோமோ கிகுச்சியின் குழு 2012இல் காட்டியது இது. பூச்சியின் மரபணு எதுவும் மாறவில்லை, எதிர்ப்பு மட்டும் ஒரே தலைமுறையில் வந்துவிட்டது. பூச்சியின் மரபணுவை மட்டும் கண்காணித்தால் இந்த எதிர்ப்பு கண்ணில் படாது.

பூச்சியோடு சேர்ந்து வாழும் எல்லா நுண்ணுயிர்களும் அதற்கு நல்லவை என்று நான் சொல்லவில்லை. வோல்பாக்கியா என்ற பாக்டீரியா சில பூச்சிகளில் ஆண் குஞ்சுகளைக் கொல்கிறது, சிலவற்றில் ஆண் துணையின்றியே இனம் பெருக வைக்கிறது. கொசுவுக்குள் இருந்தால் டெங்கு வைரஸ் பெருகுவதைத் தடுக்கிறது. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் வோல்பாக்கியா கொசுக்களை விட்ட பகுதிகளில் டெங்கு 77 சதவீதம் குறைந்ததாக 2021இல் முடிவு வெளியானது. கொசுவுக்குள் இருக்கும் பாக்டீரியாவைப் பொதுச் சுகாதாரத் துறை இவ்வளவு நம்பும்போது, தேனீக்குள் இருப்பதை ஒப்புதல் கோப்பு கண்டுகொள்ளாமல் இருக்கக் கூடாது.

இயல்பான குடல் பாக்டீரியாக்கள் கொண்ட, கூட்டில் சில நாள் வாழ்ந்த தேனீக்களையும் சோதனைக்குக் கட்டாயமாக்குங்கள். மருந்து கொடுப்பதற்கு முன்னும் பின்னும் அந்தப் பாக்டீரியாக்களின் அளவைக் கேளுங்கள். மரபணு வரிசை மூலம் அவற்றை அளப்பது இன்று ஆய்வகங்களில் வழக்கமான வேலை. மருந்துக்குப் பிறகு ஒரு நோய்க்கிருமியைக் கொடுத்துப் பார்க்கும் கட்டத்தையும் சேருங்கள். களைக்கொல்லி, பூஞ்சைக்கொல்லி, தேனீக்களுக்கே கொடுக்கும் ஆன்டிபயாட்டிக் ஆகியவற்றுக்கும் இது பொருந்த வேண்டும். டெட்ராசைக்ளின் கொடுத்த தேனீக்கள் கூட்டுக்குத் திரும்பிய பின் குறைவாகவே பிழைத்தன என்று 2017இலேயே தெரிந்துவிட்டது. ஒரே மருந்தை ஆண்டுதோறும் அதே வயலில் தெளிக்கப் பரிந்துரைப்பதற்கு முன், அதைத் தின்னும் பாக்டீரியா அந்த மண்ணில் பெருகியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

இவற்றில் எது முடியும், எது முடியாது என்று உங்கள் அடுத்த வழிகாட்டி வரைவிலேயே காரணத்தோடு எழுதுங்கள்.

அன்புடன்,
பூச்சிகள்மேல் அக்கறை கொண்ட ஒரு வாசகர்