கோலகங்சாரின் மூங்கில் அரண்மனை

ஈப்போ

அன்புள்ள நண்பர் காதர் அவர்களுக்கு,

வணக்கம். மூட்டுவலி தணிந்து மறுபடியும் தறிப்பக்கம் போய்வருகிறீர்கள் என்றறிந்து மிகவும் மகிழ்ந்தேன். பத்தமடைப் பாய் நெசவைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்ததும், மலேசியாவின் பேராக் மாநில அரச நகரான கோலகங்சாரில் உள்ள இஸ்தானா கெனாங்கான் அரண்மனையின் சுவரைப் பற்றி உங்களுக்கு எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியது.

பேராக் சுல்தான் இஸ்கந்தர் ஷாவுக்காக 1926-இல் எழுப்பப்பட்ட அந்த அரண்மனையின் சுவர்கள் மூங்கில் பிளாச்சுகளைப் பின்னி அமைத்தவை. மலாய்க்காரர்கள் இப்பின்னலைக் கெலாராய் என்பார்கள். மஞ்சள், கறுப்பு, வெள்ளை நிறங்களில் சாய்சதுரங்கள் ஒன்றையொன்று தொட்டபடி சுவர் நெடுக ஓடுகின்றன. கிட்டத்தில் நின்று பார்த்தால், ஒவ்வொரு பிளாச்சும் எங்கே மேலேறி எங்கே அடியில் நுழைகிறது என்பதைக் கண்ணாலேயே தொடரலாம். பேராக் கொடியின் நிறங்களும் இவைதாம்: வெள்ளை சுல்தானுக்கும், மஞ்சள் பட்டத்து இளவரசரான ராஜா மூடாவுக்கும், கறுப்பு அவருக்கு அடுத்த நிலையிலுள்ள ராஜா டி ஹிலிருக்கும் உரியவை. உறையிலிட்ட வாளின் வடிவம் கொண்ட இக்கட்டடத்தை, வரைபடமும் இரும்பாணியும் இல்லாமல், மரத்தோடு மரத்தைப் பொருத்தியே தச்சர்கள் முடித்திருக்கிறார்கள். புதிய அரண்மனையான இஸ்தானா இஸ்கந்தாரியா 1933-இல் கட்டி முடியும்வரை தங்குவதற்கான தற்காலிக இருப்பிடத்துக்கு இவ்வளவு கைவேலை செய்திருக்கிறார்களே என்பதுதான் என்னை நெகிழச் செய்கிறது.

அரண்மனை இருக்கும் அதே புக்கிட் சண்டான் குன்றில், கட்டடக் கலைஞர் ஹப்பக் வடிவமைத்து 1917-இல் நிறைவெய்திய உபுதியா பள்ளிவாசல் பொற்குவிமாடத்தோடு நிற்கிறது. அதன் அழகில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆயினும் வருகிறவர்களில் பலர் அந்தக் குவிமாடத்தை மட்டும் படம்பிடித்துக்கொண்டு திரும்பிவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது. மலாக்காவின் கடைசி சுல்தான் மஹ்மூத் ஷாவின் மகன் முஸாபர் ஷாவோடு 1528-இல் தொடங்கியது பேராக்கின் அரச மரபு. இங்கே இஸ்லாத்தின் தலைவர் சுல்தானே. உயிருருவங்களைத் தவிர்த்துக் கொடியிலும் இலையிலும் கட்டங்களிலும் அழகைத் தேடும் இஸ்லாமியக் கலையுணர்வு, மலாய்க் கைவினைஞரின் விரல்களில் எப்படிச் சொந்தமாகிப்போனது என்பதைக் குவிமாடத்தைவிட இந்த மூங்கில் சுவரே தெளிவாகக் காட்டுகிறது என்பது என் துணிபு.

1986-இல் அந்த அரண்மனை அரச அருங்காட்சியகம் ஆனது. ஆனால் மூங்கிலுக்கு ஆயுள் குறைவு. பின்னத் தெரிந்த கைகள் இல்லையென்றால் சுவரைப் புதுப்பிக்க முடியாது. பத்தமடையில் இளையவர்களுக்குக் கோரைப்பாய் நெசவை எந்த வயதில், எப்படிப் பழக்குகிறார்கள் என்று விரிவாக எழுதுங்கள். இங்கே மூங்கில் பின்னல் கற்பிக்கும் நண்பர் ஒருவரிடம் அதைக் காட்ட விரும்புகிறேன்.

அன்புடன்,
சுந்தரம்