கதிருக்கு, மாதா கோவில் படம் பற்றி

அன்புள்ள கதிருக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் பேசினால் இடையில் கோபம் வந்துவிடும், அதனால்தான் கடிதம். கல்யாணம் நம் கோவிலில்தான் என்று நீங்கள் இருவரும் முடிவு செய்ததில் அம்மாவுக்கு ரொம்ப மகிழ்ச்சி. ஆனால் படத்துக்காக மட்டும் நம் மொரீஷியஸின் வடமுனையில், கப் மலெரேயில் இருக்கும் சிவப்புக் கூரை மாதா கோவிலுக்குள் போய், பீடத்தின் முன்னால் மோதிரம் மாற்றுவது போல நிற்கலாம் என்று போட்டோக்காரர் யோசனை சொன்னாராமே. அது வேண்டாம்.

முதலில், அங்கே பலகையே வைத்திருக்கிறார்கள், படம் எடுப்பதற்காகப் பொய்க் கல்யாணம் நடத்தக் கூடாது என்று. எத்தனை ஜோடிகள் அப்படி வந்து நின்றிருந்தால் பலகை எழுதும் நிலை வந்திருக்கும், பார்த்துக்கொள்.

அதைவிடப் பெரிய காரணம், அந்தக் கரையில் மீன் பிடித்துப் பிழைத்த உன் தாத்தா. 1938-இல் கட்டிய அந்தக் கோவில் போஸ்ட்கார்டில் வெள்ளைச் சுவரும் சிவப்புக் கூரையும் எதிரே குவான் த மீர் தீவுமாகத் தெரியும். உள்ளே தீர்த்தத் தொட்டியாக ஒரு பெரிய கடல் சிப்பியை வைத்திருக்கிறார்கள். கடலுக்குப் போகிறவன் கைநனைக்க அதைவிடப் பொருத்தமாக எது இருக்கும்? பக்கத்திலேயே படகுகள் கரை சேரும், மீன் விற்கும்.

ஜூன் 29 பேதுருவின் திருநாள். அவரும் வலை வீசிப் பிழைத்தவர். அதையொட்டி வரும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பாதிரியார் கரைக்கு இறங்கி, ஒவ்வொரு படகுக்கும் தீர்த்தம் தெளிப்பார். முந்தின வாரமே பெயிண்ட் அடித்து, கொடியும் காகிதப் பூவும் கட்டி வைத்திருப்பார்கள். வரிசையில் தாத்தாவின் படகும் நிற்கும். காலையில் படகின் முன்முனையில் அவர் பூசிய திருநீற்றுப் பட்டைமேலேயே பாதிரியாரின் தண்ணீரும் விழும். இரண்டு பேருமே முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. அப்புறம் எல்லாப் படகும் சேர்ந்து கடலுக்குள் போய், திரும்பி வராதவர்களுக்காக மலர் வளையம் விடும். பக்கத்துப் படகில் ஜெபம் சொல்வார்கள், தாத்தா முருகா என்பார்.

செப்டம்பரில் தாத்தா அந்த மாதா கோவில் படகுக் கூட்டாளிகளோடு பெர் லாவால் என்ற பாதிரியாரின் கல்லறைக்கு, போர்ட் லூயிஸ் பக்கம் சேன்ட் குருவா வரை இரவோடு இரவாக நடப்பார். 1864 செப்டம்பர் 9-இல் இறந்த அந்தப் பாதிரியாரிடம் வேண்டிக்கொள்ள எல்லா மதத்தாரும் இன்றும் வருகிறார்கள். பாட்டிக்கு மெழுகுவத்திச் செலவில்தான் ஆட்சேபம், சாமியில் இல்லை.

தைப்பூசக் காவடிக்கு அந்தக் கூட்டாளிகள் நம்மோடு நடப்பார்கள். அந்தப் பத்து நாள் விரதத்திலும் தாத்தா கடலுக்குப் போய்க் காசியே என்ற மீன்கூடைப் பொறியைத் தூக்குவார், மீனை விற்பார், ஆனால் வீட்டுக்குள் மீன் வராது. தையில் எப்படியும் கையில் காசு இருக்காது. அக்டோபரிலிருந்து பிப்ரவரி முடியப் பெரிய வலை போட அனுமதி இல்லை, அதோடு புயல் மாதங்கள் வேறு. விரதம் இருப்பது அப்போது சுலபம் என்று தாத்தாவே சிரிப்பார்.

இதை மத நல்லிணக்கம் என்று மேடையில் பேசுகிறார்கள். எனக்கு அது பெரிய பேச்சாகத் தெரிகிறது. ஒரே காற்றில் போய் ஒரே கரைக்குத் திரும்ப வேண்டியவர்கள், யாருடைய சாமி காப்பாற்றினாலும் சரி என்று இருந்தார்கள். ஆனால் தாத்தா அங்கே எதையும் நடித்ததில்லை. பூசையில் கொடுக்கும் நற்கருணை அப்பம் வாங்க வரிசையில் நின்றதுகூடக் கிடையாது, கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்.

படம் வேண்டுமென்றால் வெளியே கரையில் எடுங்கள், மாலை வெயிலில் கூரை நன்றாகவே விழும். படகுக்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். இல்லை, உள்ளே போகத்தான் ஆசை என்றால் பூசை நேரத்தில் போய்க் கடைசி பெஞ்சில் உட்காருங்கள், கேமரா வேண்டாம்.

எனக்கு ஒரு யோசனை. கல்யாணத்தை ஜூன் கடைசி வாரத்துக்கு வைத்தால் படகுத் திருநாளுக்கும் நீங்கள் இருப்பீர்கள். ஆனி மாதம்தான், முகூர்த்தம் கிடைக்கும். ஜூலை நடுவில் ஆடி பிறந்துவிட்டால் ஆவணி வரை காத்திருக்க வேண்டும். குருக்களிடம் நாள் பார்க்கச் சொல்கிறேன். உனக்கு லீவு எப்போது கிடைக்கும் என்று இந்த வாரமே எழுது. மெல்போர்னிலிருந்து டிக்கெட் விலை ஏறிவிடும்.

அன்புடன்,
அப்பா