நடாஷாவும் நடால்யாவும் ஒருத்திதான்

அன்புள்ள பாப்பா,

நலம். இங்கே ஒரு வாரமாக மதியமானால் மழை. அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை.

போன மாதம் போனில், "'போரும் வாழ்வும்' எதுவரை வந்திருக்கிறது அப்பா?" என்று கேட்டாய். டால்ஸ்டாயின் அந்தப் பெரிய ரஷ்ய நாவலில் பாதி முடிந்தது என்றேன். பொய். அப்போது முதல் விருந்தையே நான் தாண்டவில்லை. 1805 ஜூலை, பீட்டர்ஸ்பர்க்கில் ஒரு சீமாட்டி வீடு, வருகிறவன் போகிறவன் எல்லாம் இளவரசன். மூன்று தடவை ஆரம்பித்து மூன்று தடவையும் அங்கேயே தூங்கிவிட்டேன். மொழிபெயர்த்த சொக்கலிங்கத்தின் தமிழைக் குறை சொல்ல முடியாது.

பெயர்கள்தான் படுத்தின. கதையில் நடாஷா ஒருத்தி, நடால்யா ஒருத்தி, நடால்யா இல்யீனிச்னா இன்னொருத்தி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்யீனிச்னா என்றால் இல்யாவின் மகளாம்! அட, உன் அடையாள அட்டையில் பெயருக்குப் பின்னால் 'டாட்டர் ஆஃப்' போட்டு என் பெயர் இருக்கிறதே, அதேதான். வீட்டில் நீ பாப்பா, பாட்டிக்கு ஆத்தா, ஆபீசில் வேறு பெயர். ஒரு ரஷ்யன் நம் வீட்டுக் கதையைப் படித்தால் அவனும் திண்டாடத்தான் செய்வான். பழைய நாலு நம்பர் லாட்டரி சீட்டின் பின்பக்கம் யார் யாருக்கு என்ன உறவு என்று எழுதி, பக்க அடையாளமாக வைத்துக்கொண்டேன். அப்புறம் வண்டி ஓடியது.

அந்த விருந்தும் இப்போது பிடிக்கிறது. நெப்போலியனைத் திட்டுகிறார்கள், திட்டுவது பிரெஞ்சில். மூலத்தில் முதல் வாக்கியமே பிரெஞ்சுதான். போன கல்யாணத்தில் உன் மாமா, பிள்ளைகளுக்குத் தமிழே வரவில்லை என்று அரைமணி நேரம் ஆங்கிலத்தில் புலம்பியது ஞாபகம் வந்து, நம் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே கல்மேசையில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

போர்க்களத் திட்டங்கள் வரும் இடங்களில் பக்கங்களைத் தள்ளினேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நெப்போலியனோடு ரஷ்யர்கள் மோதும் ஆஸ்டர்லிட்ஸ் சண்டையைத் தள்ள முடியவில்லை. கொடியைத் தூக்கிக்கொண்டு ஓடிய இளவரசன் ஆந்த்ரேய் அடிபட்டு மல்லாந்து விழுகிறான். சண்டை கண்ணில் படவில்லை. உயரத்தில் வானம், சாம்பல் மேகம் மெல்ல ஊர்கிறது. இத்தனை நாள் இதை எப்படிப் பார்க்காமல் இருந்தேன் என்று யோசிக்கிறான். இரண்டு நாள் அதற்கு மேல் படிக்கவில்லை.

கதை 1812ஐத் தாண்டியும் போகிறதாம். இந்த வேகத்தில் நீ தீபாவளிக்கு வரும்போதும் முடிந்திருக்காது. ஆந்த்ரேய் பிழைப்பானா என்று மட்டும் சொல்லிவிடாதே. அம்மா இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டாள். நான் புத்தகத்தை எடுத்தாலே ஒரு மாதிரி சிரிக்கிறாள்.

அப்பா